லோயர் யூனிட் அரை இஞ்ச் ஏறாமல் நின்றால் என்ன செய்வது?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, தொண்டியில் மாமனார் வள்ளத்துக்கு 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் இருக்கிறது. ஹீட் ஆகிறது என்று வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தேன். வாட்டர் பம்ப்பில் தண்ணீரைத் தள்ளுகிற ரப்பர் சக்கரமான இம்பெல்லரில் இரண்டு இறக்கை இல்லை. புது இம்பெல்லரும் புது பேக்கிங்கும் போட்டுவிட்டேன். இப்போது லோயர் யூனிட்டை, அதாவது புரொப்பல்லர் இருக்கிற கீழ்ப்பாகத்தை, மேலே ஏற்றினால் அரை இஞ்ச் இடைவெளி விட்டு நின்றுவிடுகிறது. போல்ட்டெல்லாம் நுனி பிடிக்கிறது. அப்படியே மெதுவாக முறுக்கி இழுத்துவிடலாமா?"

வேண்டாம் தம்பி. ஸ்பேனரைக் கீழே வையுங்கள். எல்லாம் நேராக இருந்தால் அந்த யூனிட் கை பலத்திலேயே ஏறி, இரண்டு அலுமினிய முகமும் ஒன்றோடொன்று உட்கார்ந்துவிடும். போல்ட்டின் வேலை உட்கார்ந்ததை விலகாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான். அரை இஞ்ச் நிற்கிறது என்றால் உள்ளே ஏதோ ஒன்று எதன் மேலோ முட்டிக்கொண்டிருக்கிறது. போல்ட்டை முறுக்கினால் அந்த இரண்டில் மெலிந்தது நசுங்கும். எது நசுங்கியது என்பது வெளியே தெரியாது, கடலில்தான் தெரியவரும்.

இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். காரைக்குடியில் பட்டறை போட்ட புதிதில் எனக்குக் கிணற்று மோட்டாரும் டீசல் பம்ப்செட்டும்தான் பழக்கம். தொண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் அவுட்போர்டு கொண்டுவந்தார். இதே மாதிரி கொஞ்சம் இடைவெளி நின்றது. போல்ட்டை வைத்து இழுத்தேன், சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. டிரம்மில் ஓட்டியபோது தண்ணீர்கூட வந்தது. மூன்றாம் நாள் கடலில் மோட்டார் ஹீட் ஆகி பிஸ்டன் பிடித்துவிட்டது. திரும்பப் பிரித்தபோது, தண்ணீரை மேலே கொண்டுபோகிற குழாயின் வாய் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. அதன் கீழே இருக்கவேண்டிய ரப்பர் வளையம் பிய்ந்து ஓரமாகக் கிடந்தது. கரை பக்கத்தில் இருந்ததால் துடுப்புப் போட்டு வந்துசேர்ந்தார்கள். பிஸ்டனுக்கும் சிலிண்டர் போர் வேலைக்கும் நான் செலவு செய்துகொடுத்தேன். அதோடு அது முடிந்தது என்று சொல்ல முடியாது. பாக் நீரிணையில் மோட்டார் நின்றால் காற்றும் நீரோட்டமும் வள்ளத்தை எந்தப் பக்கம் தள்ளும் என்பது நம் கையில் இல்லை, எல்லைக்கோடும் தூரத்தில் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கையேட்டில் "பிரித்ததற்கு நேர்மாறான வரிசையில் மாட்டவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் யூனிட்டை மேலே தூக்கும்போது மூன்று பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரே நேரத்தில் சேர வேண்டும். எஞ்சினின் சுழற்சியைக் கீழே கொண்டுபோகிற டிரைவ் ஷாஃப்டின் தலையில் இருக்கிற பல்வரி, மேலே எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டுக்குள் போய்ப் பொருந்த வேண்டும். மேலிருந்து தொங்குகிற தண்ணீர்க் குழாய், பம்ப் வீட்டின், அதாவது இம்பெல்லரை மூடியிருக்கிற கூட்டின், மேலிருக்கிற ரப்பர் வளையத்துக்குள் இறங்க வேண்டும். கியர் கம்பி தன் ஜோடியோடு சேர வேண்டும். இவை சேர்ந்த பிறகுதான் இரண்டு பாகத்தையும் நேராக நிறுத்துகிற டவல் பின்கள் தம் குழியில் உட்காரும். மூன்றில் இரண்டு சேர்ந்து ஒன்று சேராவிட்டால், உங்களுக்கு நிற்கிற மாதிரி ஒரு இடைவெளி நிற்கும்.

முதல் சந்தேகம் பல்வரி மேல். பல்லும் பல்லும் முகத்துக்கு முகம் முட்டினால் ஏறவே ஏறாது. ஒருவர் யூனிட்டைக் கீழிருந்து இலேசாகத் தாங்கி மேலே அழுத்திக்கொண்டே இருக்கட்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, இன்னொருவர் மேலே ஃப்ளைவீலைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பட்டும். மேலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றுகிற திசையில் மட்டும். ஒரு பல் தூரம் திரும்பினாலே போதும், பொருந்தும் இடத்தில் யூனிட் தானாக ஏறுவது கைக்குத் தெரியும். எதிர்த்திசையில் திருப்பாதீர்கள். பல்வரி பிடித்துவிட்டால் டிரைவ் ஷாஃப்டும் கூடவே பின்னோக்கிச் சுற்றும், நீங்கள் புதிதாகப் போட்ட இம்பெல்லரின் இறக்கைகள் மடங்கிப் புரண்டுவிடும். இதே காரணத்துக்காக, கியரில் போட்டுவிட்டுப் புரொப்பல்லரைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்க்கிற பழக்கமும் வேண்டாம்.

இன்னொரு விஷயம், பல்வரிக்குக் கிரீஸ் போட்டிருப்பீர்கள். பல்லின் பக்கங்களில் தண்ணீர் தாங்கும் மெரைன் கிரீஸ் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை பிரிக்கும்போது ஷாஃப்ட் கிராங்கோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு இறங்கவே இறங்காது. ஆனால் ஷாஃப்டின் உச்சியில், அந்தத் தட்டையான முகத்தில், கிரீஸ் இருக்கக்கூடாது. கிராங்கின் குழி அடைத்த குழி. உச்சியில் அப்பிய கிரீஸ் உள்ளே மாட்டிக்கொண்டு, வெளியே போக வழியில்லாமல் ஷாஃப்டைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். அதையும் மீறி போல்ட்டால் இழுத்தால் அந்த அழுத்தம் எஞ்சினின் பேரிங்குக்குப் போகும். எனவே ஒருமுறை இறக்கி, உச்சியைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

அப்படியும் ஏறவில்லை என்றால் தண்ணீர்க் குழாய். என் கணிப்பில் உங்களுடைய சிக்கல் இதுதான். பேக்கிங் மாற்றும்போது அந்த ரப்பர் வளையம் இடம் மாறியிருக்கலாம், குழாயும் மேலே தன் பிடியிலிருந்து கழன்று சாய்ந்திருக்கலாம். கண்ணால் பார்க்க முடியாது என்பதால் நான் செய்கிற வழி இது: குழாயின் கீழ் வாயில், விளிம்பைச் சுற்றி, கொஞ்சம் கிரீஸைத் தடவுவேன். வளையத்தையும் பம்ப் வீட்டின் தலையையும் துடைத்து உலர வைப்பேன். யூனிட்டை நேராக மேலே ஏற்றி, முட்டுகிற இடம் வந்ததும் அப்படியே நேராக இறக்கிவிடுவேன். இப்போது டார்ச் அடித்துப் பார்த்தால், குழாய் எங்கே முட்டியதோ அங்கே பிறை மாதிரி ஒரு கிரீஸ் கோடு விழுந்திருக்கும். வளையத்தின் நடு ஓட்டைக்குள் கோடு போயிருந்தால் குழாய் சரியாகத்தான் இறங்குகிறது, குற்றம் வேறு எங்கோ. வளையத்தின் ஓரத்திலோ பக்கத்து அலுமினியத்திலோ விழுந்திருந்தால் குழாய் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அந்தக் கோடே காட்டிவிடும். குழாயைக் கையால் நேராக்கி, அதன் வாயில் பிசிறு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, வளையத்துக்குள் கொஞ்சம் கிரீஸ் தடவி மறுபடி ஏற்றுங்கள். வளையம் கல் மாதிரி இறுகியிருந்தால் மாற்றிவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

கியர் கம்பி மூன்றாவது. சில மாடலில் கம்பி, ஷாஃப்ட் மாதிரி பல்வரியோடு மேலே போய்ப் பொருந்தும். சிலவற்றில் நடுவில் ஒரு இணைப்பு நட்டும் அதைப் பூட்டுகிற இன்னொரு நட்டும் இருக்கும், அதைக் கொஞ்சம் இடைவெளி இருக்கும்போதே ஸ்பேனர் விட்டு மாட்ட வேண்டும். உங்களுடையது இந்த இரண்டாவது வகையாக இருந்தால், நீங்கள் சொல்கிற இடைவெளியில் கம்பியின் தலை இணைப்பின் மேல் முட்டிக்கொண்டுகூட நிற்கலாம். எந்த வகையானாலும், கழற்றும்போது மோட்டார் எந்த கியரில் இருந்ததோ அதே கியரில்தான் கைப்பிடியும் கம்பியும் இருக்க வேண்டும். மறந்துவிட்டது என்றால் உங்கள் மாடலின் கையேட்டில் எந்த நிலை என்று போட்டிருப்பார்கள்.

ஏற்றுவதற்கு முன், இறக்கிய யூனிட் மேசையில் இருக்கும்போதே பம்ப்பை இன்னொரு தரம் பார்த்துவிடுங்கள். மூடியபின் திறப்பதைவிட இது சுலபம்.

கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது "இரண்டு இறக்கை இல்லை" என்பதுதான். அந்த இரண்டு துண்டும் எங்கே? ரப்பர் கரைந்து போகாது. பம்ப் தள்ளிய தண்ணீரோடு அவை மேலே போயிருக்கும். குழாயிலோ, எஞ்சின் பிளாக்கின் தண்ணீர்ப் பாதையிலோ, சூடேறியதும் திறந்து தண்ணீரை விடுகிற தெர்மோஸ்டாட்டின் வாயிலோ உட்கார்ந்திருக்கும். அவற்றை எடுக்காமல் மூடினால் புது இம்பெல்லர் இருந்தும் மோட்டார் ஹீட் ஆகும், நீங்கள் பம்ப்பைத் திரும்பத் திரும்பப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள். பழைய இம்பெல்லரைத் தினத்தாள் மேல் வைத்து, கிடைக்கிற துண்டுகளை உடைந்த இடத்தோடு ஒட்டிப் பாருங்கள். முழு இறக்கையும் கணக்கில் வரும்வரை விடாதீர்கள். குழாயை மேலிருந்து கீழாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள், காற்று அடியுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, வெந்நீரில் நூல் கட்டித் தொங்கவிட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். கார் எஞ்சினில் இது 80 டிகிரிக்கு மேல்தான் திறக்கும். உப்புத் தண்ணீரில் ஓடுகிற இந்த மோட்டார்களில் பெரும்பாலும் 50 டிகிரி வாக்கிலேயே திறக்க ஆரம்பித்துவிடும், ஏனென்றால் அதிகம் சூடானால் உப்புப் படிந்துவிடும். அதனால் சமையலறையில் தண்ணீர் கொதிக்கும்வரை காத்திருந்து "திறக்கிறது, நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம் இம்பெல்லர் திசை. மேலிருந்து பார்த்தால் ஷாஃப்ட் கடிகாரத் திசையில் சுற்றுகிறது. இறக்கைகளின் நுனி அதற்குப் பின்தங்கி வளைந்திருக்க வேண்டும், ஓடுகிறவனின் தோள் துண்டு பின்னால் பறக்கிற மாதிரி. பம்ப் வீட்டை இறக்கும்போது இறக்கைகளுக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, ஷாஃப்டைக் கடிகாரத் திசையில் சுற்றிக்கொண்டே அழுத்தினால் எல்லா நுனியும் தானாகச் சரியான பக்கம் மடங்கிவிடும். ஷாஃப்டுக்கும் இம்பெல்லருக்கும் நடுவே இருக்கிற அரைச்சந்திரச் சாவி விழுந்துவிடாமல் இருக்க ஒரு துளி கிரீஸ் வைத்து ஒட்டுங்கள். சாவி இல்லாமல் இம்பெல்லர் மாட்டிக்கொண்டால் ஷாஃப்ட் சுற்றும், இம்பெல்லர் சும்மா நிற்கும். பம்ப் வீட்டுக்குள் இருக்கிற ஸ்டெயின்லெஸ் கிண்ணத்தையும் கீழ்த் தகட்டையும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவு கோடு விழுந்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும், புது ரப்பர் அங்கே சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கிணற்று பம்ப்செட் பார்த்த கைகளுக்கு இது கொஞ்சம் விளங்காது. அங்கே இம்பெல்லர் இரும்போ வெண்கலமோ, சுவரைத் தொடாமல் சுற்றும். இங்கே மெதுவாக ஓடும்போது ரப்பர் இறக்கை சுவரை உரசிக்கொண்டே தண்ணீரை அள்ளித் தள்ளுகிறது. வேகம் கூடினால்தான் இறக்கை வளைந்து, கிணற்று பம்ப் மாதிரி வேலை செய்யும். அந்த உரசலுக்குத் தண்ணீர்தான் எண்ணெய். தண்ணீரில்லாமல் ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே ரப்பர் கருகிவிடும். மாட்டி முடித்த ஆசையில் "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று வெறுங்கட்டாந்தரையில் கயிற்றை இழுக்காதீர்கள்.

இனி போல்ட். எல்லாவற்றையும் முதலில் கையாலேயே நாலைந்து சுற்று ஏற்றுங்கள், கையால் ஏறாத போல்ட்டைக் கழற்றி மரையைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, கையேட்டில் போட்டிருக்கிற முறுக்கு (டார்க்) அளவுக்கு. மரையில் மெரைன் கிரீஸ் தடவாமல் போடவே கூடாது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினிய உடலும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி உண்டாகிவிடும், அதில் தின்னப்படுவது அலுமினியம்தான். பொங்கிய வெள்ளைப் பொடி போல்ட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும், கழற்றப்போனால் தலை முறியும்.

இந்த அரிமானத்துக்கென்றே நம் ஊரில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ஆம் தேதி நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நாம் செக்ரி என்று சொல்கிறது. கடல் காற்றிலும் கடல் நீரிலும் உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று பார்க்க மண்டபத்தில் அவர்களுக்குத் தனி நிலையமே உண்டு. அவர்கள் படிக்கிற அதே வேதியியல்தான் உங்கள் மோட்டாரின் அடியில் தினமும் நடக்கிறது. லோயர் யூனிட்டில் மாட்டியிருக்கிற துத்தநாகக் கட்டியோ அலுமினியக் கட்டியோ எதற்கு என்றால், உடலுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கு. அழகுக்காக அதன் மேல் பெயின்ட் அடித்துவிடாதீர்கள், அடித்தால் அது வேலை செய்யாது. பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். புரொப்பல்லருக்கு மேல் இருக்கிற சின்னத் துடுப்பு மாதிரியான கட்டியைக் கழற்றியிருந்தால், முன்பு இருந்த கோணத்திலேயே மாட்டுங்கள், கோணம் மாறினால் கைப்பிடி ஒரு பக்கம் இழுக்கும். சில மாடலில் அதற்கு மேலேயே ஒரு போல்ட் ஒளிந்திருக்கும், அதை மறந்துவிடாதீர்கள்.

யூனிட் உட்கார்ந்தபின் கியரைப் போட்டுப் பாருங்கள். நியூட்ரலில் புரொப்பல்லர் தாராளமாகச் சுற்ற வேண்டும். ஃபார்வர்டும் ரிவர்ஸும் தெளிவாக விழ வேண்டும். விழ மறுத்தால் அழுத்தாமல் ஃப்ளைவீலைக் கடிகாரத் திசையில் கொஞ்சம் திருப்பிக்கொண்டே மறுபடி போடுங்கள். அப்படியும் ஒரு பக்கம் சரியாக விழவில்லை என்றால் கம்பியின் நீளம் மாறியிருக்கிறது.

கியர் ஆயிலைக் கீழ்த் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேல் துளையையும் திறந்து வைத்து, கீழிருந்து பம்ப் பண்ணினால் காற்று மேலே வெளியேறும். குமிழி இல்லாமல் ஆயில் மட்டும் வழிந்ததும் முதலில் மேல் திருகை அடைத்துவிட்டு, பிறகு கீழே குழாயை எடுத்து உடனே அடையுங்கள். இரண்டுக்கும் புது வாஷர். பழைய ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்ததா என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். அப்படி இருந்திருந்தால் ஆயில் சீல் ஏதோ ஒன்று போயிருக்கிறது, அது தனி வேலை.

சோதனைக்கு 200 லிட்டர் டிரம் போதும். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, தண்ணீர் மட்டம் பம்ப்புக்கு மேலே, அதாவது இரண்டு பாகமும் சேர்கிற கோட்டுக்கும் மேலே இருக்கும்படி நிறுத்தி, நியூட்ரலில் ஐடில் வேகத்தில் ஓட்டுங்கள். சீக்கிரமே பின்பக்கச் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீச்ச ஆரம்பிக்க வேண்டும். வரவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு, முதலில் அந்தத் துளைக்குள் ஒரு தென்னை ஈர்க்கை விட்டுப் பாருங்கள், பல நேரம் உப்போ மண்ணோதான் அடைத்திருக்கும். வந்தால் பத்து நிமிஷம் ஓடட்டும். எஞ்சின் தலையைத் தொட்டுப் பாருங்கள், சூடு இருக்கும், ஆனால் கை வைத்தவுடன் இழுத்துக்கொள்ள வைக்கிற சூடு கூடாது. பீச்சுகிற தண்ணீர் வருகிறது என்பதாலேயே எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம், என்னுடைய முதல் மோட்டாரும் பீச்சத்தான் செய்தது. முதல் நாள் கரையை விட்டு அதிகம் போகாமல், பாதி வேகத்துக்கு மேல் சிறிது நேரம் ஓட்டித் திரும்பி வந்து, தலையை மறுபடி தொட்டுப் பார்த்த பிறகே வலை ஏற்றுங்கள்.

உங்கள் மாமனாருக்கும் ஒரு வார்த்தை. தொண்டிக் கடல் ஆழமில்லாத சேற்றுக்கடல், கடற்புல் நிறைந்தது. அந்தப் புல்லை மேய்கிற ஆவுளியா என்கிற கடற்பசுவுக்காகத்தான் 2022-இல் வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள். அதே புல்லும் சேறும்தான் மோட்டாரின் தண்ணீர் இழுக்கிற சல்லடையை அடைக்கின்றன, சேற்றுத் தண்ணீர் இம்பெல்லரை அரம் மாதிரி தேய்க்கிறது. ஆழமில்லாத இடத்தில் மோட்டாரைத் தூக்கிவிட்டு மூங்கிலால் தள்ளிப் போவது நல்லது. கரைக்கு வந்ததும் சல்லடையைக் கையால் வழித்துவிட்டு, முடிந்த நாளெல்லாம் நல்ல தண்ணீரில் ஐந்து நிமிஷம் ஓட்ட வேண்டும். இம்பெல்லரை உடையும்வரை காத்திருக்காமல் வருஷத்துக்கு ஒன்று மாற்றிவிடுங்கள்.

இப்போதைக்கு யூனிட்டை இறக்கி, ஷாஃப்ட் உச்சியைத் துடைத்து, அந்தக் கிரீஸ் கோட்டைப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் இடைவெளி நின்றால், கோடு விழுந்த இடத்தை மேலிருந்து ஒரு படம் எடுத்து, மோட்டாரின் மாடல் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். இறக்கைத் துண்டுகள் இரண்டும் கிடைத்தனவா என்பதையும் எழுதுங்கள்.